இன்னைக்குக் காலையிலதான்

என் அப்பாவின் வலது கால் தொடையோடு முடிந்துவிடுகிறது. காலைத் தொலைத்தது அவர். முட்டியைத் தொலைத்தது நான். இந்தப் பாகப்பிரிவினை எங்கள் வீட்டில் மூன்று பேருக்குத்தான் தெரியும். லயத்துச் சனங்களை, எங்களோடு வரிசை வீடுகளில் குடியிருக்கிறவர்களைக் கேட்டால், "பீடி குடிச்சுக் குடிச்சு நரம்பு அடைச்சுப் போச்சு, கால எடுத்துட்டாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் இத்தனை நாள் விட்டிருந்தேன்.

அப்பா வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்துக் கங்காணி. காலையில் பெண்களுக்கு ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பது, அவர்கள் பறிப்பதைப் பின்னால் நின்று பார்ப்பது, கத்துவது. இந்த மூன்றில் கத்துவதுதான் தலையாய வேலை என்று நினைத்திருந்தார். அவர் ஒரு மலையில் நின்று கத்தினால், பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வேறு கங்காணியிடம் வேலை செய்கிற பெண்களும் திடுக்கிட்டு நிமிர்வார்கள். அம்மாவும் அவரிடம்தான் கொழுந்து பறித்தாள். வீட்டில் வாங்குகிற திட்டு போதாதென்று மலையிலும் வாங்கினாள்.

தோட்டத்தில் உடம்புக்கு முடியாமல் போவதற்கென்று ஒரு முறை இருக்கிறது. வெளியாட்களுக்கு இது விளங்காது. காலையில் பெரட்டுக்களத்தில், அதாவது அன்றைய வேலைக்கு ஆள் பிரிக்கிற இடத்தில், முதலில் கங்காணியிடம் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினால் டிஸ்பென்சரிக்குப் போகலாம். அங்கே இருக்கிற ஐயா பார்த்துவிட்டுத் துண்டு எழுதித் தருவார். துண்டு இருந்தால் நீங்கள் நோயாளி, இல்லாவிட்டால் வேலைக்கு வராத சோம்பேறி. இரண்டு இடத்திலும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எப்போதிலிருந்து? அதற்குச் சரியான பதிலும் ஒன்றுதான்: இன்றைக்குக் காலையிலிருந்து. வாய் தவறி நேற்றிலிருந்து என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. "நேத்து வலியோட வேல செஞ்சல்ல? அப்ப இன்னைக்கும் செய்யி" என்று கூடையைக் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரு நாள் பழசாகிவிட்ட வலி வலியே இல்லை என்று யார் சட்டம் போட்டார்களோ, எனக்குத் தெரியாது. எங்கள் மலையில் அந்தச் சட்டத்துக்குக் காவல் நின்றது என் அப்பா.

அதனால் எங்கள் சனங்களுக்கு எல்லா நோயும் காலையில்தான் வரும். ஒரு வாரமாக இருமுகிறவள் இன்றைக்குக் காலையில்தான் இருமத் தொடங்கியிருப்பாள். இடுப்பு வலி, பல்வலி, அட்டை கடித்துப் புண்ணாகிச் சீழ் கட்டிய கால், எல்லாமே விடிந்த பிறகு வந்தவை. கேட்கிறவருக்கும் அது பொய்யென்று தெரியும், சொல்கிறவளுக்கும் தெரியும். அந்தப் பொய்யைச் சொல்வதுதான் மரியாதை.

எனக்கு இது பத்தொன்பது வயதில்தான் உறைத்தது. பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். சும்மா இருந்து சோறு தின்ன வேண்டாம் என்று அப்பாவே என்னைத் தன் கூட்டத்தில் சேர்த்துவிட்டிருந்தார். ஒரு நாள் காய்ச்சல், கண்ணெல்லாம் எரிந்தது. பெரட்டில் எல்லோரும் நிற்க, "முந்தாநாள்லேர்ந்து காய்ச்சலா இருக்குப்பா" என்றேன். படித்த பிள்ளை அல்லவா, உள்ளதைச் சொன்னேன்.

"இங்க யாரு ஒனக்கு அப்பா? கங்காணின்னு சொல்லு" என்றார். "முந்தாநாள் வந்த காய்ச்சல் நேத்து எங்க போயிருந்துச்சு? ஒங்க அத்த வீட்டுக்குப் போயிட்டு வந்துச்சா?"

அத்தனை பெண்களும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் அடுத்த பேச்சு தங்களுக்கு என்று அவர்களுக்குத் தெரியும். அம்மாவும் முக்காட்டுக்குள் சிரித்த மாதிரி வாயை வைத்துக்கொண்டாள். நான் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினேன். மத்தியானம் நிரைக்கு நடுவில் மயங்கி விழுந்தேன். தேயிலைத் தூரில் பட்டு நெற்றி கிழிந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே என்னைத்தான் திட்டினாள்.

"மடச்சி, இன்னைக்குக் காலையிலதான்னு சொல்றதுக்கு என்னாடி கேடு? நாக்கு வெந்தா போச்சு?"

அப்பா தூரத்தில் நின்று பார்த்தார். பக்கத்தில் வரவில்லை. மகளென்று தனிச் சலுகை காட்டினார் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதாம். அதற்குப் பிறகு நான் மலைக்குப் போகவில்லை. தலவாக்கலை டவுனில் ஒரு துணிக்கடையில் சேர்ந்தேன். வருகிற ஆட்களோடு நாள் முழுக்கச் சிங்களத்தில் பேசிப் பேசி, அந்த மொழி தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது. அப்பாவுக்குச் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் சிங்களம். யாராவது வேகமாகப் பேசினால் ஒன்றும் பிடிபடாது. பின்னால் நடந்ததற்கெல்லாம் இது தேவைப்படும், அதனால் சொல்லி வைக்கிறேன்.

கடையில் சேர்ந்து நாலைந்து வருஷம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை பத்து மணி போல, மலையில் நின்று கத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று அன்று சாயந்திரம் அம்மா சொன்னாள். வலது காலைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் வேர்க்க, உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாராம். வீட்டுக்குக் காலை இழுத்து இழுத்துத்தான் வந்தார். அம்மா தொட்டுப் பார்த்தாள். இடது கால் சூடாக இருந்தது, வலது பாதம் ஐஸ் போல.

"குளிர் புடிச்சிருக்கு. அவ்வளவுதான், கத்தாத" என்றார். கத்தியது அவர்தான், அம்மா இல்லை.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் குளிர்தான் காரணம், எல்லாவற்றுக்கும் சூடுதான் மருந்து. ஞாயிற்றுக்கிழமை அம்மா ஒரு போத்தலில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, துணி சுற்றிப் பாதத்தோடு வைத்துக் கம்பளியால் மூடினாள். "சூடே இல்லயே" என்றார். துணியை எடுத்துவிட்டு வெறும் போத்தலை வைத்தாள். "இப்பவும் தெரியல" என்றார். கொஞ்ச நேரம் கழித்துக் கம்பளியை விலக்கினால், பாதத்தின் ஓரத்தில் கோழிமுட்டை அளவுக்குக் கொப்புளம். அடப்பாவி மனுஷா, கால் வெந்திருக்கிறது, அவருக்குத் தெரியவில்லை.

"வாங்கப்பா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"கொப்புளத்துக்கு ஆஸ்பத்திரியா? அப்ப அட்ட கடிச்சா கொழும்புக்குப் போகணுமா?"

திங்கட்கிழமை கம்பை ஊன்றிக்கொண்டு பெரட்டுக்குப் போனார். அன்றைக்கு எங்கள் அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து அறையில் இருக்கிற அக்கா, மறதியோ அசதியோ, நேற்றிலிருந்து முழங்கால் வலி என்று சொல்லிவிட்டாள். "என்னையப் பாரு, மூணு நாளா காலு வலி. நான் நிக்கல?" என்று கேட்டு அவளை மலைக்கு அனுப்பினார். ஒற்றைக் காலில் நின்று, அடுத்தவளின் காலை விரட்டினார். இதை அந்த அக்காவே எனக்குச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பாதம் நீலமும் சாம்பலுமாக இருந்தது. விரல்கள் மரத்துவிட்டன. அசைக்கச் சொன்னால் பெருவிரல் மட்டும் கொஞ்சம் அசைந்தது. அப்போதுதான் அவருக்கே பயம் வந்தது. ஆட்டோ பிடித்து டிஸ்பென்சரிக்குக் கூட்டிப் போனோம். அங்கிருந்த ஐயா காலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எப்பலேர்ந்து கங்காணி?"

"இன்னைக்குக் காலையிலதாங்க ஐயா."

எத்தனை வருஷம் எத்தனை பெண்களை அந்தக் கேள்வியால் விரட்டியிருப்பார்! தன் முறை வந்தபோது பதில் தயாராக இருந்தது. அந்த ஐயாவுக்கும் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன பதில். காதில் விழுந்ததைக் காகிதத்தில் எழுதி, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். கூட ஒருவர்தான் ஏறலாம் என்றார்கள். சிங்களம் தெரிந்தவள் என்று என்னை ஏற்றிவிட்டு, அம்மா பையோடு ரோட்டில் நின்றாள்.

வண்டி வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டேன். "அப்பா, அங்க போயி சனிக்கிழமைன்னே சொல்லிருவோமா?"

"வாய மூடு புள்ள. மூணு நாளா என்னா புடுங்கிக்கிட்டு இருந்தன்னு கேட்டுத் திருப்பி அனுப்பிருவாங்க. எனக்குத் தெரியாத சட்டமா?"

வாயை மூடிக்கொண்டேன்.

கீழே நகரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. எங்களைப் பார்த்த டொக்டர் ஒரு சிங்களப் பெண், என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அப்பாவின் பாதத்தைக் கையில் ஏந்திக்கொண்டு பார்த்தார். எங்கள் தோட்டத்தில் எவளுடைய காலையும் எவரும் அப்படித் தொட்டுப் பார்த்ததில்லை. காகிதத்தைப் படித்துவிட்டு என்னிடம், "கவதா இந்தலாத?" என்றார். எப்போதிலிருந்து. உலகத்தில் எங்கே போனாலும் இந்த ஒரே கேள்விதானா என்றிருந்தது எனக்கு. அப்பாவிடம் திருப்பிக் கேட்டேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு, "இன்னைக்குக் காலையிலதான்" என்றார். அதைச் சிங்களத்தில் அப்படியே சொன்னேன்.

டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கமாகச் சொன்னார். தொடையில் ஓடுகிற பெரிய இரத்தக் குழாயைப் பீடி பல வருஷமாக ஒடுக்கி வைத்திருக்கிறது. இப்போது அந்த ஒடுக்கத்தில் இரத்தம் கட்டிப்போய் அடைத்துக்கொண்டது. இடது தொடையில் ஒரு சின்னத் துளை போட்டு, அது வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, வலது காலில் கட்டி இருக்கிற இடம்வரை கொண்டுபோவார்கள். குழாய்க்குள் மெஷினோடு இணைத்த ஒரு கம்பி இருக்கிறது. காதுக்குக் கேட்காத ஒரு சத்தம் அதிலிருந்து வரும். அந்தச் சத்தம் கட்டியை இளக்கும், கூடவே குழாயின் ஓட்டைகளால் மருந்து கசிந்து அதைக் கரைக்கும். நாளைக் காலைவரை அப்படியே ஓடவேண்டும்.

அப்பாவுக்கு இதைத் தமிழில் சொன்னேன். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு வெளிச்சம் வந்தது.

"சத்தத்துல கட்டி ஒடையுமா? அப்ப நான் போட்ட சத்தத்துக்கு நம்ம மலையில ஒரு கல்லு மிஞ்சியிருக்காதே!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டொக்டர் என்னவென்று கேட்டார், சொன்னேன், அவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் நேராகச் சொன்னார்: "இது புதிய கட்டிக்குத்தான். காலில் இன்னும் உயிர் இருக்க வேண்டும். நாள் கடந்து செத்துப்போன தசைக்குள் திரும்ப இரத்தத்தை விட்டால், அங்கே ஊறிக்கிடக்கிற விஷம் உடம்பெல்லாம் ஏறும். அப்படியானால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நேரம் சரிதானே?"

கேட்டுக்கொண்டே பாதத்தைத் திருப்பினார். ஓரத்தில் கொப்புளம், உடைந்து, தோல் சுருங்கிப்போய் இருந்தது. விரலை அதன் பக்கத்தில் வைத்தார். "இது எப்படி வந்தது?"

அப்பா டொக்டரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார், சரியாகச் சொன்னால் என் வாயை. கண்ணை அங்கிருந்து எடுக்கவில்லை. வாயைத் திறக்காதே என்று மிரட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். பெரட்டில் அவர் பார்க்கிற பார்வையைப் பார்த்தே வளர்ந்தவள் நான், வேறு எப்படி எடுத்துக்கொள்வேன்?

"வெந்நீர் கொட்டிருச்சு" என்று சிங்களத்தில் சொன்னேன்.

"கொட்டியபோது அவருக்குச் சுட்டதா? வலி தெரிந்ததா?"

அதுதான் கேள்வி. கால் எப்போது செத்தது என்பதை அந்தக் கொப்புளம் சொல்லிவிடும் என்று எனக்கு அந்த நிமிஷம் நன்றாக விளங்கியது. இல்லை, தெரியவே இல்லை, ஞாயிற்றுக்கிழமையே தெரியவில்லை என்று சொன்னால் போதும்.

"ஆமா, சுட்டுச்சு. கத்துனாரு. பெரிய சத்தமா கத்துனாரு, அவரு அப்படித்தான், சின்னதுக்கெல்லாம் கத்துவாரு" என்று வேகவேகமாகச் சொன்னேன்.

பயத்தில் சொன்னேன் என்று அம்மாவிடம் பிறகு சொல்லியிருக்கிறேன். பயமும் இருந்தது. சனிக்கிழமை என்றால் மெஷின் இல்லை, கத்திதான் என்று தெரிந்துவிட்டதே. திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று நம் சனங்களுக்கு ஊறிப்போன நடுக்கமும் இருந்தது. ஆனால் பாதிதான் பயம். மீதிப் பாதியைச் சொல்லாமல் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. அவர் என் வாயைப் பார்த்த பார்வையில் எனக்குள் பத்தொன்பது வயதுக்காரி ஒருத்தி எழுந்து நின்றாள். சரி கங்காணி, உங்கள் சட்டப்படியே ஆகட்டும், காலையிலதான் வந்தது, போதுமா என்றாள். அவளுக்கு அதில் ஒரு ருசி இருந்தது.

டொக்டர் எழுதிக்கொண்டார். அப்பாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

குழாய் போட்ட பிறகு, காலை மடக்கக் கூடாது, எழும்பக் கூடாது என்று சொல்லிவைக்க என்னை உள்ளே கூப்பிட்டார்கள். நாளெல்லாம் மலையில் நடந்த மனுஷன் மல்லாக்கக் கிடந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு வயர் போர்வைக்குள் போனது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

"நீ சொன்னதுக்கு அந்தம்மா என்னா சொன்னாங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணும் சொல்லல. எழுதிக்கிட்டாங்க."

"திட்டலயா?"

"இல்ல."

"நல்ல மனுஷிதான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு எரிச்சல்தான் வந்தது. பொய் பலித்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் சாயம் விட்டுப் படம் எடுத்தார்கள். தொடையில் அடைப்பு இளகி, முட்டிவரைக்கும் இரத்தம் இறங்கியிருந்தது. மெஷின் தன் வேலையைச் செய்துவிட்டது. முட்டிக்குக் கீழே இரத்தம் போக இடமில்லை. கெண்டைக்கால் வீங்கி, தொட்டால் பலகை போல இருந்தது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பையில் சாயத்தண்ணி நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. பால் ஊற்றாத தேத்தண்ணியேதான், கடுஞ்சாயம்.

டொக்டர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். முகம் களைத்திருந்தது. "இப்போதாவது சொல்லுங்கள்" என்றார். "எப்போதிலிருந்து?"

"சனிக்கிழமையிலிருந்து."

"கொப்புளம்?"

"ஞாயிற்றுக்கிழமை. சூடு தெரியல."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசி மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். சுவரில் சாய்ந்து நின்று நிதானமாகச் சொன்னார்: "சனிக்கிழமையே வந்திருந்தால் இந்த மெஷினே போதும், காலோடு வீட்டுக்குப் போயிருப்பார். நேற்று உண்மையைச் சொல்லியிருந்தால் இதை வைத்திருக்கவே மாட்டேன், நேரே ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோயிருப்பேன். பாதம் போயிருக்கும். ஆனால் முட்டியைக் காப்பாற்றியிருக்கலாம். ஒரு நாள் வீணாகிவிட்டது. இப்போது விஷம் சிறுநீரகத்துக்கு வந்துவிட்டது. உயிர் வேண்டுமென்றால் முட்டிக்கு மேலே எடுக்க வேண்டும்."

பிறகு கேட்டார்: "ஏன் சொல்லவில்லை?"

துண்டு, பெரட்டு, நேற்று வலித்தால் இன்றைக்கு வேலை செய்யலாம் என்கிற சட்டம், எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பைத்தியக்காரியின் பேச்சு போல எனக்கே கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆனால் இங்கே யாரும் உங்களைத் திருப்பி அனுப்பமாட்டோமே" என்றார்.

கையெழுத்துப் போட்டேன். அப்பாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன்.

"முட்டிக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டார்.

"மேல."

"மேலயா?" என்று இன்னொரு தரம் கேட்டார். பிறகு, "நம்ம லயத்துப் படி ஏற முட்டி வேணுமே புள்ள" என்றார். ஏன் மேலே என்று நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறுகிற படிகளில் தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிற நாலு ஆட்கள் அவரைக் கம்பளியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். கொழுந்துப் பெண்கள் ஒவ்வொருவராக பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து பார்த்தார்கள். பாவம், பாவம் என்றார்கள். வெளியே போய் இஸ்தோப்புத் திண்ணையில் செருப்பைப் போடும்போது ஒருத்தி, "கங்காணி சத்தத்த மட்டும் வெட்டாம விட்டுட்டாங்களே" என்றாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே அவருக்குக் கேட்டது. இந்தத் தடவை அவர் கத்தவில்லை.

அம்மாவிடம் ஒரு நாள் தையல் வேலைக்கு நடுவில் மெல்லச் சொல்ல ஆரம்பித்தேன், ஆஸ்பத்திரியில் பயத்தில் ஏதேதோ பேசிவிட்டேன் என்று. "போன கால் போச்சு, விடு" என்றாள். அவள் முழுக்கக் கேட்கவுமில்லை, நான் முழுக்கச் சொல்லவுமில்லை.

பிறகு அந்த வலி வந்தது. இல்லாத பாதம் எரிகிறது, இல்லாத விரல்களை யாரோ முறுக்குகிறார்கள். கால் வெட்டியவர்களுக்கு அப்படி வருமென்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள், அதற்கு மாத்திரை இருக்கிறது, வந்தால் சொல்லச் சொல்லுங்கள் என்று. அவர் சொல்லவில்லை. கம்பளி நுனியைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டு கிடந்தார். ஒரே காம்பராவில் மூன்று பேர் இருக்கிற வீட்டில் எதை மறைக்க முடியும்? கம்பளி நுனி பல் பட்டுக் கிழிந்துகொண்டே வந்தது. மூன்று வாரம் பார்த்தேன். கேட்டால்தானே சொல்ல வேண்டும், நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதும் எனக்குக் கொஞ்சம் பிடித்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அவரால் அடக்க முடியாமல் கத்திவிட்டார். அம்மா மாவுக் கையோடு ஓடி வந்தாள்.

"என்னா?"

"பாதம் எரியுது."

"எந்தப் பாதம்?"

கம்பளி தட்டையாகக் கிடந்த இடத்தைக் கையால் காட்டினார். அம்மா அந்த இடத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம் அவர் குரலைக் கேட்டவள், அதே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் கேட்டாள்:

"எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலையிலதான்" என்றார் அப்பா.

எனக்கு ரத்தம் தலைக்கேறிவிட்டது. "பொய் சொல்லாதீங்கப்பா!" என்று கத்தினேன். அவர் கத்துகிற மாதிரியே இருந்தது என் சத்தம். "மூணு வாரமா கம்பளியக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குறீங்க. இந்தப் பொய்யாலதான் முட்டி போச்சு. அன்னைக்கே சனிக்கிழமைன்னு சொல்லியிருந்தா முட்டியாவது மிஞ்சியிருக்கும். அந்தம்மா என்கிட்ட சொன்னாங்க!"

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, ஒன்றும் புரியாத மாதிரி முழித்தார்.

"அதான் நீ சொல்லிட்டியே" என்றார்.

"நான் என்னா சொன்னேன்?"

"கொப்புளத்தத் தொட்டு அந்தம்மா கேட்டாங்கள்ல. நீ மடமடன்னு சிங்களத்துல என்னமோ சொன்ன. சனிக்கிழமைன்னு சொல்லிட்டேன்னு நெனச்சேன். ஒரு தரம் சொன்னத என் வாயால எப்புடி மாத்துவேன்? நீ சொல்லிருவ, சொல்லிருவன்னு ஒன் வாயவே பாத்துக்கிட்டுக் கெடந்தேன். நீதான புள்ள உள்ளதச் சொல்றவ."

அம்மா என் பக்கம் திரும்பினாள். விரல்களில் மாவு காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப நீ என்னாடி சொன்ன?" என்று கேட்டாள்.

"சுட்டுச்சுன்னு சொன்னேன்" என்றேன். "கத்துனாருன்னு சொன்னேன்."

அப்பா கம்பளியை இழுத்து, கால் இருந்த இடத்தை மூடினார்.